பங்கு பிரிக்கும் கணக்கன்



சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் குடிபாலா. அங்கே எங்கள் நால்வருக்கும் பொதுவாக ஒரு தோதாபுரி மாந்தோப்பு உண்டு. குத்தகைப் பணம் அண்ணன் கைக்கு வரும். அவர் பிரித்துக் கொடுப்பார். ஒரு வருஷம் மழையில்லை, ஒரு வருஷம் மருந்துச் செலவு என்று, தங்கையின் பங்கு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் கெட்டவரல்ல. பணம் ஒரே கையில் சேர்ந்ததும், கணக்கு எழுத்தில் இல்லாததும்தான் கோளாறு.

சென்ற மாதம் என் பேரன், நண்பர்களோடு சேர்ந்து ஒரு கணினி விளையாட்டுக்குப் படம் வரைந்து கொடுத்தான். கூலி, ஈத்தர் என்னும் கிரிப்டோ நாணயத்தில். "பணம் யார் கைக்கும் போகாது தாத்தா, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் பிரித்துவிடும்" என்றான். டிப்ளமா படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன் நான்; விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற பெயரை 1990களில் வழங்கியவர் நிக் சாபோ. காசு போட்டால் பொருள் தரும் இயந்திரத்தை அவர் உதாரணம் காட்டினார். 2015 ஜூலையில் தொடங்கிய எத்திரியம் வலையமைப்பில் அது நடைமுறைக்கு வந்தது. அது ஒரு சிறிய நிரல். அதற்கென்று ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிக்கு வரும் பணத்தை, எழுதி வைத்த விகிதப்படி கணக்கிடும்.

விகிதம் 4, 3, 2, 1 என்று வைப்போம், மொத்தம் 10. இதுவரை வந்தது 2 ஈத்தர். இரண்டாமவர் பங்கு 2 × 3 ÷ 10 = 0.6. முன்பே 0.3 எடுத்திருந்தால், இன்னும் 0.3 எடுக்கலாம். சூத்திரம் இவ்வளவே.

பணத்தை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன? ஒரு முகவரி ஏற்க மறுத்தால், எல்லோருடைய பட்டுவாடாவும் நின்றுபோகக் கூடும். அதனால் அவரவர் வந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதே நல்லது. சம்பள நாளில் பே கிளார்க்கிடம் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டு வாங்கினோமே, அதே முறைதான். வராதவர் பணம் பத்திரமாக இருக்கும். எடுப்பதற்கான கட்டணம் எடுப்பவருடையது.

ஆனால் இது இன்டர்லாக்கிங் போன்றது. பூட்டு விழுந்தபின் கெஞ்சினாலும் லீவர் அசையாது. மாற்ற வழி வைக்காமல் எழுதிவிட்டால், பிழையும் நிரந்தரம். 2022 ஏப்ரலில் ஆகுட்டார்ஸ் என்ற டிஜிட்டல் ஓவிய ஏலத்தில், எண்ணிக்கையை ஒப்பிடும் இடத்தில் நேர்ந்த பிழையால் 11,500 ஈத்தருக்கு மேல் எடுக்க முடியாமல் பூட்டிக்கொண்டது. அன்றைய மதிப்பு சுமார் 3.4 கோடி டாலர். ரகசியச் சாவியைத் தொலைத்தவரின் பங்கும் போனதுதான்.

வரியையும் நிரல் தானாகப் பார்க்காது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவிகித வரி. அவ்வாண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவிகிதம் பிடித்தமும் உண்டு.

இத்தனையும் கேட்டபின் பேரனின் பட்டியலைப் பார்த்தேன். மூன்று பெயர்கள். "பின்னணி வரைந்த பெண்?" என்றேன். "அவளுக்கு நாங்கள் தனியாகக் கொடுத்துவிடுவோம் தாத்தா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தையைத்தான் தங்கை விஷயத்தில் நாங்கள் பல வருஷம் சொன்னோம். எழுதாத பெயரை இயந்திரம் பிசகில்லாமல் மறக்கும். "அவள் பெயரையும் எழுது" என்றேன். நான்கு பங்காக எழுதினான்.

அடுத்த மாங்காய்ப் பருவத்துக்கு முன் ஊருக்குப் போகிறேன். எங்கள் தோப்புக்குக் கிரிப்டோ வேண்டாம். ஒரு தாள், நால்வர் பெயர், நால்வர் கையெழுத்து, நால்வருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு போதும். உங்கள் வீட்டில் எழுதாமல் விட்ட பெயர் எது? இன்றே பாருங்கள்.