ஏலகிரிக்குப் போக வேன் எதற்கு?

நாலு நாள் லீவு கிடைத்தால்தான் மலைக்குப் போகலாம் என்று நினைக்காதே, தங்கச்சி. காலையில் சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறி, மதியம் ஏலகிரியில் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, இரவே வீட்டுக்கு வந்துவிடலாம். டூர் வேனில் போனால் அவர்கள் நிறுத்துகிற இடத்தில் இறங்கி, சொல்கிற நேரத்துக்குள் ஏற வேண்டும். ரயிலிலும் பஸ்ஸிலும் போனால் பொழுது உன் கையில். அதற்கு அக்கா சொல்கிற வழிகள் இவை.

1. திரும்பி வருவதை முதலில் முடிவு செய்

ஜோலார்பேட்டையிலிருந்து எந்த ரயிலில் திரும்பப் போகிறாய் என்று முதலில் குறித்துக்கொள். மாலை ஐந்து மணி வாக்கில் பெங்களூரிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வரும். அதை விட்டால், ஏழு மணிக்கு மேல் கோயம்புத்தூரிலிருந்து கோவை எக்ஸ்பிரஸ். பிருந்தாவனில் டிக்கெட் போடு. கோவையைக் கைகாவலாக வைத்துக்கொள். 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். செகண்ட் சிட்டிங் போதும், ஏசி வேண்டாம். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துவிடு.

2. சென்ட்ரலுக்கு எப்படி?

போகும்போது கோவை எக்ஸ்பிரஸ்தான் நல்லது. காலை ஆறு மணி வாக்கில் சென்ட்ரலை விட்டு, ஒன்பது மணிக்கு முன்பே ஜோலார்பேட்டையில் இறக்கிவிடும். தி.நகர்க்காரர்கள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைத் தாண்டினால் சென்ட்ரல். மயிலாப்பூர், அடையாறுக்காரர்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது: திருமயிலை, கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், எதில் ஏறினாலும் பார்க் டவுனில் இறங்கலாம். முதல் வண்டி உனக்கு ஒத்து வராவிட்டால் அந்த ஒரு வேளைக்கு ஆட்டோ பிடி, ரயிலை விடாதே.

3. மலை பஸ்ஸை விசாரித்து ஏறு

ஜோலார்பேட்டையிலிருந்து மலைக்குச் சுமார் 20 கி.மீ. நேர் பஸ் உடனே இல்லையென்றால் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போ. மலையடிவாரம் பொன்னேரி. அங்கிருந்து மலைமேல் இருக்கிற அத்தனாவூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரதியார் என்று புலவர்கள் பெயரும், பாரி, ஓரி, அதியமான், பேகன் என்று வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். டிரைவர் ஹாரனை அடித்தபடி ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிற அந்த நொடியில்தான் பெயர்ப்பலகை கண்ணில் படும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போ. குழந்தைகள் இருந்தால் அவர்களைப் படிக்கச் சொல். வாந்தி வரும் என்று பயமிருந்தால் முன் சீட்டில் உட்கார்ந்து, வாயில் ஒரு துண்டு இஞ்சியை அடக்கிக்கொள்.

4. கண்டக்டரிடம் இரண்டு கேள்வி

இறங்குவதற்கு முன், "அண்ணே, கீழே இறங்குற பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ் எது?" என்று கேட்டுக்கொள். கேட்டதைப் போனில் எழுதிவை. மலைமேல் டீக்கடையில் இன்னொருவரிடமும் கேட்டு உறுதிசெய். பிருந்தாவனுக்குப் போக வேண்டுமென்றால் மூன்று மணிக்கே இறங்கத் தொடங்கிவிடு.

5. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதே

ஏலகிரி ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். ஊட்டியில் ஏறக்குறையப் பாதி உயரம்தான். அந்த ஊரைக் கால்நடையாகவே பார்க்க வேண்டும். அத்தனாவூரில் இறங்கி, புங்கனூர் ஏரி, பக்கத்துப் பூங்கா, இந்த இரண்டையும் நிதானமாகப் பார். அங்குள்ள சுவாமிமலை உச்சிக்கு ஏறுவதை இரவு தங்குகிற இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள். வனத்துறை விதிகளையும் அப்போது கேட்டுக்கொண்டு போகலாம். பலா சீசனில் போனால் சுளை வாங்கிச் சாப்பிடாமல் வராதே.

6. பையில் என்னென்ன?

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் மடித்த இட்லி காலைக்கும் ஆகும், மதியத்துக்கும் ஆகும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்தே தமிழ்நாட்டில் தடை. பஸ்ஸுக்குச் சில்லறை. மார்கழி, தை என்றால் ஒரு ஸ்வெட்டர். குரங்கு கண்ணில் படுகிற மாதிரி தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதே.

7. கிழமை பார்த்துப் போ

சனி, ஞாயிறில் மலைப் பஸ்ஸில் நிற்கவே இடம் கிடைக்காது. செவ்வாயோ புதனோ ஒரு நாள் லீவு போட முடிந்தால் போடு. அம்மாவையோ அத்தையையோ கூட்டிப் போவதானால் இது இன்னும் முக்கியம். உட்கார்ந்து போனால்தான் அவர்களுக்கு அது உல்லாசம். முதல் பயணத்தை நீயே திட்டம் போட்டு முடித்துவிட்டால், அடுத்ததாகத் திருத்தணிக்கோ சோளிங்கருக்கோ போக யாரையும் எதிர்பார்க்க மாட்டாய். இந்த வாரமே டிக்கெட் போடு.