நடுக்கம் எப்போது வருகிறது?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாகத் திடீர் திடீரென்று உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது. காய்ச்சல் இல்லை. “வயசானா அப்படித்தான்” என்கிறார். பார்க்கின்சனாக இருக்குமோ என்று எனக்குப் பயம். யாரிடம் காட்டுவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வயதை மட்டும் காரணம் காட்டி எந்த நடுக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. அதே சமயம் எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. அது எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் முதல் சந்தேகம் தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு டிபனைத் தள்ளிப்போட்டாலோ விரதம் இருந்தாலோ சர்க்கரை சட்டென்று இறங்கும். சிறுநீரகம் மந்தமான முதியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வியர்வை, படபடப்பு, பசியோடு நடுக்கம் வந்தால் அப்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது மற்ற மருந்துகள். தலைசுற்றலுக்கு எழுதிக்கொடுத்த சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை மாதக்கணக்கில் தொடர்ந்தால் பார்க்கின்சன் போலவே நடுக்கம் வரலாம். வீசிங்குக்கான சால்பூட்டமாலும் கையை நடுங்க வைக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

காபி டம்ளரைத் தூக்கும்போது கை ஆடி, மடியில் வைத்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் பரம்பரையாக வரும் ‘எசென்ஷியல் ட்ரெமர்’. நேர்மாறாக, டிவி பார்க்கையில் மடியில் சும்மா கிடக்கும் ஒரு கை மட்டும் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடி, நடையும் தளர்ந்திருந்தால் பார்க்கின்சனைச் சந்தேகிக்கலாம். எடை குறைந்து படபடப்பும் இருந்தால் தைராய்டு. குளிர் நடுக்கம் என்றால் சிறுநீர்த் தொற்றைப் பார்க்க வேண்டும்; முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம்.

முதலில் பொதுநல மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை, தைராய்டு, சோடியம், கிரியேட்டினின், கல்லீரல், சிறுநீர்ப் பரிசோதனைகள் தேவைப்படும். தேவையானால் அவரே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார். நடுக்கம் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் அறையில் அது வராமலே போகலாம். ஒரு பக்கக் கைகால் மட்டும் வெட்டி இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பார்க்கின்சனாகவே இருந்தாலும் கலங்க வேண்டாம். அதை முழுவதும் குணப்படுத்த முடியாதுதான். ஆனால் லெவோடோப்பா போன்ற மருந்தும் உடற்பயிற்சியும் கொண்டு பல ஆண்டுகள் நன்றாக நடமாட முடியும். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.