முறுக்கு சுட்ட எண்ணெயில் திரவச் சவர்க்காரம்

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் மிச்சமா? சிங்க்கில் ஊத்தாதீங்க. அடுக்குமாடி வீட்டுக் குழாயில் கெட்டியாகி அடைச்சுக்கும். துணியில் வடிகட்டி வையுங்க, சவர்க்காரம் செய்யலாம்.

கட்டிச் சவர்க்காரத்துக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு. திரவத்துக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மாத்தி வாங்கிடாதீங்க.

500 கிராம் செம்பனை எண்ணெய்க்கு, 90 விழுக்காடு தூய்மையுள்ள காரம் 105 கிராம், தண்ணீர் 315 கிராம். கப் அளவு இங்கே உதவாது, தராசில்தான் நிறுக்கணும். காரம் கூடினால் கை புண்ணாகும்.

இதை மட்டும் மறக்கவே கூடாது: தண்ணீரில்தான் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். காரத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல், பக்கத்தில் பெரியவர் ஒருவர். மேலே பட்டால் உடனே குழாய் நீரில் 20 நிமிடம் கழுவுங்க. எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். அப்புறம் அந்தப் பாத்திரத்தில் சமையல் வேண்டாம்.

காரநீரை வெதுவெதுப்பான எண்ணெயில் ஊற்றி, கெட்டியாகும்வரை கிண்டுங்க. அதைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து மூணு நாலு மணி நேரம் வேகவிடுங்க. துளிப் பசையைச் சுடுநீரில் கரைத்துப் பாருங்க. எண்ணெய் மிதந்தால் இன்னும் வேகணும். வெந்ததும் ஒன்றரை மடங்கு சுடுநீரில் கரையுங்க. கலங்கலாகத்தான் இருக்கும், செம்பனை எண்ணெயின் குணம் அது.

பள்ளி மாணவர்களுக்கு இந்தக் காரமே வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் பூந்திக்கொட்டை கேளுங்க. விதை நீக்கி, இரவு ஊறவைத்துக் கொதிக்கவிட்டால் நல்லா நுரைக்கும். பாட்டிமார் பட்டுப்புடவை அலசியது இதில்தான். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.