எத்தனை புள்ளிகள் கிடைக்கும்?

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துக் கருத்துணர்ந்திடுக.

தேர்வு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வரும் மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “எப்படி எழுதினாய்? எத்தனை வரும்?” என்பதுதான். “நன்றாகத்தான் எழுதினேன்” என்று மகிழ்ச்சியோடு கூறியவர், முடிவு வந்ததும் வாடிப்போவதுண்டு. “எல்லாம் போயிற்று” என்று கண்கலங்கியவர் சிறந்த தேர்ச்சி பெறுவதும் உண்டு. இவ்விருவரும் தம் மனநிலையை அளந்தார்களே தவிர, தம் விடைகளை அளக்கவில்லை. நம் புள்ளிகளை நாமே முறையாகக் கணிக்க முடியுமா? முடியும். அமெரிக்க மாணவர்கள் எழுதும் ஓர் உயிரியல் தேர்வைக் கொண்டு அதைக் காண்போம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ‘அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்’ எனும் பாடத்திட்டம் உள்ளது. சுருக்கமாக இதனை ஏ.பி. என்பர். பள்ளியில் படிக்கும்போதே பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைப் பாடங்களைக் கற்க இது வழிசெய்கிறது. இதன் தேர்வுகளைக் காலேஜ் போர்ட் எனும் அமைப்பு ஆண்டுதோறும் மே மாதத்தில் நடத்துகிறது. முடிவுகள் ஜூலையில் வெளிவரும். தேர்வில் 1 முதல் 5 வரை தரம் வழங்கப்படும். 5 என்பதே மிக உயர்ந்தது. பல பல்கலைக்கழகங்கள் 3 அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தை ஏற்றுக்கொள்கின்றன. சில பல்கலைக்கழகங்களோ 4 அல்லது 5 பெற்றவர்களை மட்டுமே ஏற்கின்றன. அவ்வாறு ஏற்கப்பட்டால், மாணவர் அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் படிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. நேரமும் கட்டணமும் மிச்சமாகும். எனவே, ஒரு தரம் கூடுவதும் குறைவதும் அவர்களுக்குச் சிறிய செய்தியன்று.

ஏ.பி. உயிரியல் தேர்வு மூன்று மணி நேரம் நடைபெறும். முதற்பகுதியில் 60 பல்தேர்வுக் கேள்விகள் இருக்கும். இரண்டாம் பகுதியில் ஆறு எழுத்து விடைக் கேள்விகள் இருக்கும். அவற்றுள் இரண்டு நெடுவிடைக் கேள்விகளுக்குத் தலா 9 புள்ளிகள். நான்கு குறுவிடைக் கேள்விகளுக்குத் தலா 4 புள்ளிகள். ஆக மொத்தம் 34 புள்ளிகள். இரு பகுதிகளுக்கும் தலா 90 நிமிடங்கள் வழங்கப்படும். இறுதிக் கணக்கில் ஒவ்வொரு பகுதியும் சரிபாதியாகச் சேரும்.

இந்தத் தேர்வுக்கு ஆயத்தமாகும் ஒரு மாணவி, வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சித் தேர்வை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பல்தேர்வுக் கேள்விகளில் அவளுக்கு 42 விடைகள் சரி. 42-ஐ 60-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 35 கிடைக்கும். எழுத்து விடைகளைத் தானே திருத்தித் தனக்கு 25 புள்ளிகள் வழங்கிக்கொள்கிறாள். 25-ஐ 34-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 37 வரும். இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 72. அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால், இந்த எண்ணை நம்பலாமா?

முதலில் பல்தேர்வுக் கேள்விகளைப் பார்ப்போம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு தெரிவுகள் உள்ளன. தவறான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. எனவே, விடை தெரியாவிட்டாலும் ஏதேனும் ஒன்றைத் தெரிவு செய்வதுதான் அறிவுடைமை. ஆனால், கேள்வித்தாளையே படிக்காமல் விடையளிப்பவருக்கும் சராசரியாக 15 விடைகள் சரியாக அமைந்துவிடும்! நம் மாணவி 12 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தாள். அவற்றுள் 6 சரியாகிவிட்டன. சராசரியாக 3 மட்டுமே சரியாகியிருக்க வேண்டும். ஆகவே, அவள் பெற்ற 42-இல் அந்த ஆறு விடைகளும் அறிவால் வந்தவையல்ல; அவற்றுள் மூன்று சராசரிக்கும் மேலாகக் கிடைத்தவை. அன்றைய நாள் அவளுக்குக் கொடுத்த பரிசு. அடுத்த முறை அப்பரிசு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஊகித்து விடையளித்த கேள்விகளின் அருகில் ஒரு சிறு குறியிட்டு வைத்தால், இந்த உண்மை புலப்படும்.

எழுத்து விடைகளில்தான் பெரிய தவறு நேர்கிறது. ஒரு கேள்வியைப் பாருங்கள்: ‘வெப்பநிலை மிகவும் கூடும்போது நொதியின் செயல்வேகம் ஏன் குறைகிறது? விளக்குக.’ மாணவி, ‘அதிக வெப்பத்தில் நொதி சரியாக வேலை செய்யாது’ என்று எழுதியிருந்தாள். தனக்கு முழுப் புள்ளியும் கொடுத்துக்கொண்டாள். ஆனால், கேள்வியில் இருந்த செய்தியையே அவள் வேறு சொற்களில் திருப்பிச் சொல்லியிருக்கிறாள், காரணத்தைக் கூறவில்லை. நொதி ஒரு புரதம். அதன் வடிவத்தைத் தாங்கி நிற்கும் பிணைப்புகளை மிகுந்த வெப்பம் சிதைக்கிறது. அதனால், வினைபொருள் வந்து பொருந்தும் இடத்தின் வடிவம் மாறிவிடுகிறது. வினைபொருள் பொருந்த முடியாததால் செயல்வேகம் குறைகிறது. இந்தக் காரணத் தொடரை எழுதினால்தான் அது விளக்கம் ஆகும்.

“எனக்கு அது தெரியும்; எழுதத்தான் மறந்துவிட்டேன்” என்று அவள் கூறலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், விடைத்தாளைத் திருத்துபவர் தாளில் உள்ளதை மட்டுமே படிப்பார். மாணவரின் மனத்தைப் படிக்க மாட்டார். நாமே நம் விடையைத் திருத்தும்போது, எழுதாமல் விட்டதையும் மனத்துக்குள் எழுதிப் படித்துக்கொள்கிறோம். வரைபடத்தின் அச்சில் அலகைக் குறிப்பிட மறந்திருந்தாலும் நம் கண்ணுக்கு அது தென்படுவதில்லை. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. முந்தைய ஆண்டுகளின் எழுத்து விடைக் கேள்விகளையும் அவற்றுக்குப் புள்ளி வழங்கும் வழிகாட்டிகளையும் காலேஜ் போர்ட் வெளியிடுகிறது. அவ்வழிகாட்டியை நண்பரிடமோ ஆசிரியரிடமோ கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

நம் மாணவி அவ்வாறே செய்தாள். தோழி திருத்தியபோது 25 புள்ளிகள் 17-ஆகக் குறைந்தன. அதனை 34-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 25. மொத்தம் 60. முதல் கணிப்புக்கும் இரண்டாம் கணிப்புக்கும் 12 புள்ளிகள் இடைவெளி! விடைத்தாள் மாறவில்லை, திருத்திய கண் மட்டுமே மாறியது.

சரி, 60 என்பது எந்தத் தரம்? இதற்கு உறுதியான விடை கூற முடியாது. ஒவ்வொரு தரத்திற்கும் உரிய எல்லைப் புள்ளி எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. கேள்வித்தாளின் கடினத்திற்கு ஏற்ப அது சற்று மாறும். ஆகவே, ஒற்றை எண்ணை நம்புவதைவிட ஒரு வீச்சைக் கணிப்பதே சிறந்தது. ஊகம் கைகொடுக்காத நாளில் 37, கைகொடுத்த நாளில் 42 பல்தேர்வு விடைகள் சரியாகலாம். எழுத்து விடைகளில் 15 முதல் 19 வரை பெறலாம். அப்படியானால் அவள் நிலை 53 முதல் 63 வரை. “எனக்கு 60 வரும்” என்பதைவிட “53-க்கும் 63-க்கும் இடையில் வரும்” என்பதே நேர்மையான கூற்று.

அந்த இரவு மாணவி வருந்தினாள். ஆனால், மறுநாள் இழந்த 17 எழுத்துப் புள்ளிகளையும் ஒரு தாளில் பட்டியலிட்டாள். அவற்றுள் ஒன்பது, காரணம் கூறாமல் விட்டவை. மூன்று, அலகும் அச்சுப்பெயரும் எழுதாதவை. ஐந்து மட்டுமே உண்மையில் படிக்காத பகுதிகள். பாடநூல் முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டியதில்லை என்பது அவளுக்கு விளங்கியது. ‘ஏன்’ என்று கேட்டால் ‘ஏனெனில்’ என்று தொடங்கி எழுதப் பழக வேண்டும், அவ்வளவே. 72 என்ற எண் அவளை மகிழ்வித்தது. 60 என்ற எண்ணோ அவளுக்கு வழிகாட்டியது.

மாணவர்களே, நீங்கள் எழுதும் எஸ்.பி.எம். சோதனைத் தேர்வுக்கும் இது பொருந்தும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர் பெரியோர். தேர்வுக்கு முன் நம் ஆழத்தை நாமே அளந்து பார்ப்போம். அளவுகோலை மட்டும் நேர்மையாகப் பிடிப்போம்.

கருத்துணர் கேள்விகள்

1. ஏ.பி. உயிரியல் தேர்வின் இரு பகுதிகள் யாவை?
2. மாணவி சரியாக விடையளித்த 42 கேள்விகளையும் அவள் அறிந்தே விடையளித்தாள் எனக் கூற முடியாது. ஏன்?
3. ‘விடைத்தாள் மாறவில்லை, திருத்திய கண் மட்டுமே மாறியது’ எனும் கூற்றின் கருத்தை விளக்கிடுக.
4. நீங்கள் அண்மையில் எழுதிய தேர்வில் இழந்த புள்ளிகளைக் காரணம் வாரியாகப் பட்டியலிட்டு, நண்பருடன் கலந்துரையாடுக.