நெட்வொர்க் அடாப்டர் தென்படவில்லையா?

இணையவழியில் பணம் செலுத்த அமரும் வேளையில், கணினி தன் நெட்வொர்க் அடாப்டரையே அடையாளம் காணாமல் போவதுண்டு. கருவி பழுதென்று முடிவு செய்யுமுன் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

முதலில் கணினியை முழுமையாக அணைத்து, மின் இணைப்பை நீக்கி, பவர் பொத்தானை 30 விநாடிகள் அழுத்திப் பிடிப்போம். உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். மீண்டும் இயக்கி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதியைத் திறப்போம்.

அடாப்டரின் மீது கீழ்நோக்கிய அம்புக்குறி இருப்பின், அது முடக்கப்பட்டுள்ளது. ‘எனேபிள்’ செய்தால் போதும். மஞ்சள் நிற வியப்புக்குறி இருப்பின், குறை பெரும்பாலும் டிரைவர் மென்பொருளில்தான். வேறொரு கணினியில், தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே டிரைவரைப் பதிவிறக்கி, பென் டிரைவ் வழியே நிறுவுவோம். பெயரே காணப்படாவிடில், ‘வியூ’ பட்டியலில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து பார்ப்போம். அப்போதும் தென்படாவிடில் தொழில்நுட்பரை நாடுவதே முறை.

அவசரத்தில், இணையத்தேடலில் கிட்டும் ஏதோவோர் ‘உதவி’ எண்ணை அழைத்தல் ஆகாது. செல்பேசியில் திரையைப் பகிரும் செயலியை நிறுவுமாறு மறுமுனையில் இருப்பவர் கூறினால், அழைப்பை உடனே துண்டிப்போம். ஓடிபியும் கடவுச்சொல்லும் எவருக்கும் உரியன அல்ல. பணம் பறிபோயிருப்பின் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் அளிப்போம். அடாப்டர் சீராகும்வரை பணப்பணிகளுக்கு வங்கிக் கிளை இருக்கிறது.