வேலைக்கு முன்பணம் கேட்கிறார்களா?

எத்தனையோ விண்ணப்பம் அனுப்பியும் பதிலே வராமல் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு, "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்ற வாட்ஸ்ஆப் செய்தி தேனாக இனிக்கும். அடுத்த வரியில் பதிவுக் கட்டணம், லேப்டாப் வைப்புத்தொகை என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சம்பளம் தர வேண்டியவர் முன்பணம் கேட்பது மோசடியின் அடையாளம். இன்டர்ன்ஷிப்புக்கும் இதேதான்.

சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் விசாரிக்கலாம். செய்தியில் வந்த எண்ணில் அல்ல.

மத்திய அரசு 2015-இல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் வேலை தேடுவோர் இலவசமாகவே பதிவு செய்யலாம்.

பணம் போய்விட்டதா? வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.