பாஸ்வேர்டு சரிதான், குக்கி எங்க போச்சு?

நம்ம பொங்கலூர் பக்கம் தறிக்குடோனா இருந்தாலும் சரி, பனியன் கம்பெனியா இருந்தாலும் சரி, ஆபீஸ்ல பெரும்பாலும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினா இ-வே பில் வேணும். சரக்கு ஏத்தி வண்டி நிக்கும்போது லாகின் ஆகலைன்னா, "கம்ப்யூட்டர் படிக்கிற பையன்தானே, வந்து பாரு கண்ணு"ன்னு கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்தா கிரோம் இருக்காது. ஃபயர்ஃபாக்ஸோ, யாரோ போட்டுவிட்ட வேற பிரவுசரோ இருக்கும்.

நாம போறதுக்குள்ள அவங்க அஞ்சாறு தடவை பாஸ்வேர்டு அடிச்சுப் பார்த்திருப்பாங்க. அடுத்த கை "ஃபர்காட் பாஸ்வேர்டு" பட்டனுக்குப் போகும். முதல்ல அதைத் தடுங்க. தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டா பல தளங்கள் கணக்கையே பூட்டிடும். புதுசா மாத்தினாலோ, ஆடிட்டர் ஆபீஸ்ல சேமிச்சு வச்சிருக்கற பழைய பாஸ்வேர்டு அங்க வேலை செய்யாது. ஒரு பிரச்சினை ரெண்டாகும்.

பாஸ்வேர்டு தப்புன்னா தளம் பெரும்பாலும் சிவப்பு எழுத்தில் அதைச் சொல்லிவிடும். ஒண்ணுமே சொல்லாம திரும்ப லாகின் பக்கத்துக்கே வந்து நின்னா, பாஸ்வேர்டு சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தொலைஞ்சது குக்கி.

சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் நாம அதுக்குப் புது ஆள். இதைச் சரிசெய்யத்தான் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி 1994ல் குக்கியைக் கொண்டுவந்தார். கம்பெனி வாசல்ல வாட்ச்மேன் தர்ற கேட் பாஸ் மாதிரி நினைச்சுக்குங்க. உள்ள ஒவ்வொரு கதவுலயும் அதைக் காட்டணும். பாஸ் வாங்கிட்டு கீழே போட்டுட்டா, அடுத்த கதவுல இருக்கறவர் திட்ட மாட்டார், "வாசலுக்குப் போங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவார். லாகின் பக்கம் திரும்பத் திரும்ப வர்றது அதுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப் திறங்க. பக்கம் மாறும்போது பழைய வரிகள் அழியாமல் இருக்க, கிரோம் வகையில் "ப்ரிசர்வ் லாக்", ஃபயர்ஃபாக்ஸில் "பெர்சிஸ்ட் லாக்ஸ்" போட்டே ஆகணும். இதை மறந்தா பார்க்க வேண்டிய வரியே காணாம போயிடும். இப்போ ஒரே ஒரு தடவை லாகின் பண்ணுங்க. பாஸ்வேர்டு போன வரியைத் தேடி, அதன் ரெஸ்பான்ஸ் ஹெடரில் "செட்-குக்கி" இருக்கான்னு பாருங்க. இருந்தா சர்வர் பாஸ் கொடுத்துவிட்டது. அடுத்த வரியின் ரிக்வெஸ்ட் ஹெடரில் அதே குக்கி போகுதா? போகலைன்னா பிரவுசர் அதை வாங்கி வைக்கலை. ஃபயர்ஃபாக்ஸ் கன்சோலில் குக்கியை ஏன் நிராகரித்தது என்ற காரணமும் பல சமயம் எழுதியிருக்கும். செட்-குக்கியே வராமல் 401 வந்தா பாஸ்வேர்டைச் சந்தேகப்படலாம். 403 வந்தா தளம் நம்மை வேணாம்னு சொல்லுது. 429ன்னா ரொம்ப தடவை முயற்சி பண்ணியாச்சு, கொஞ்ச நேரம் கையைக் கட்டிட்டு உக்காரணும்.

கிரோமில் மட்டும் ஓடுவது ஏன்? லாகின் ஒரு டொமைனிலும் தளம் இன்னொரு டொமைனிலும் இருந்தா, அங்கே தேர்ட்-பார்ட்டி குக்கி தேவைப்படலாம். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அதை முழுசாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனி டப்பாவில் போட்டு வைக்கிறது. கிரோமும் நிறுத்தப்போறேன்னு 2020ல் சொல்லி, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. தளம் கட்டுபவர்கள் கிரோமில் மட்டும் ஓட்டிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. என்னைக் கேட்டா குற்றம் பிரவுசர் மேல இல்லை.

தீர்வு சின்னதுதான். ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையின் இடப்பக்கக் கேடயத்தை அழுத்தி, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்திப் பாருங்க. ஸோஹோ 2023ல் வெளியிட்ட நம்ம ஊர் "உலா" குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது. அதனால அடிப்படை வித்தியாசம் குறைவு, உள்ளேயே இருக்கற விளம்பரத் தடுப்பானை முதல்ல பார்த்தா போதும். பிரைவேட் விண்டோவில் லாகின் ஆச்சுன்னா பழைய குக்கியோ எக்ஸ்டென்ஷனோதான் காரணம். அப்பவும் அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் அழிங்க. மொத்தமா "கிளியர் ஆல்" கொடுத்தா மத்த எல்லா லாகினும் போயிடும், அப்புறம் அதுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க.

எங்க பக்கம் அடிக்கடி வர்ற இன்னொரு கேஸ், ஜிஎஸ்டி தளத்தில் டிஎஸ்சி டோக்கன். லாகின் ஆயிடும், கையெழுத்துப் போடும் இடத்தில் எம்சைனர் கூட இணைய முடியலைன்னு வரும். எம்சைனர் நம்ம கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுற ஒரு சின்ன சர்வர். 127.0.0.1 முகவரி, 1585ஆம் போர்ட். அதன் சான்றிதழை விண்டோஸ் நம்பினாலும் ஃபயர்ஃபாக்ஸ் நம்பாமல் போகலாம், ஏன்னா அது தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. 127.0.0.1:1585 என்பதற்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்துத் தனி டேபில் திறந்து, எச்சரிக்கைப் பக்கத்தில் விதிவிலக்கு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அது நம்ம கம்ப்யூட்டரின் முகவரி என்பதால்தான் இது பரவாயில்லை. பேங்க் தளத்தில் அதே எச்சரிக்கை வந்தா டேபை மூடிடுங்க. அப்படியே கம்ப்யூட்டரின் தேதியையும் ஒரு பார்வை பாருங்க. பழைய மெஷினில் சிமாஸ் பேட்டரி போய் வருஷம் பின்னாடி போயிருந்தா எந்தச் சான்றிதழும் செல்லாது.

எதுவும் நடக்கலைன்னா ஹெல்ப்டெஸ்குக்கு எழுதணும். சிலர் நெட்வொர்க் டேபை ஹார் ஃபைலாகச் சேமித்து வாட்ஸப் குரூப்பில் போடச் சொல்வாங்க. போடாதீங்க. அந்த கேட் பாஸே அதுக்குள்ள இருக்கலாம், கையில் கிடைச்சவர் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போயிடுவார். லாகின் சேவையே தொழிலாகக் கொண்ட ஆக்டா நிறுவனத்தின் உதவி மையத்தில் 2023ல் நுழைந்தவர்கள், வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஹார் ஃபைல்களிலிருந்துதான் செஷன் டோக்கன்களை எடுத்தார்கள். பிரவுசர் பெயர், வெர்ஷன், நேரம், எந்த வரியில் என்ன ஸ்டேட்டஸ் எண், செட்-குக்கி வந்ததா, அடுத்த வரியில் போனதா, இவ்வளவும் நாலு வரியில் எழுதி அனுப்பினா போதும். "கேச்சி கிளியர் பண்ணிட்டு மறுபடி முயற்சி செய்யவும்"னு பதில் வந்தா, அதே நாலு வரியைத் திரும்ப அனுப்புங்க.